ஒத்திகை இல்லாத மேடைக்கு ஒரு வாத்தியார்



ஆண்டு விழாவில் நம் பிள்ளைகள் ஆடிப் பாடும்போது கைதட்டல் முழுவதும் அவர்களுக்குத்தான் போகும். அடவு சொல்லிக்கொடுத்தவர் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பார். தமிழ் நாடக மேடையில் அப்படிப் பின்னால் நின்றவர்களில் முதலாமவர் சங்கரதாஸ் சுவாமிகள். அவர் அடக்கமாகியிருப்பது நமக்குப் பக்கத்தில், புதுச்சேரியில். விழுப்புரத்திலிருந்து போனாலும் திண்டிவனத்திலிருந்து போனாலும் ஏறக்குறைய 40 கிலோமீட்டர்தான்.

நம் பக்கத்து ஊர்களில் தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு ‘வாத்தியார்’ என்ற சொல் புதிதல்ல. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடியக் கூத்து நடக்கும். வாத்தியார் களத்திலேயே நிற்பார். பின்பாட்டுப் பாடுவார், தடுமாறுகிறவனுக்கு அடியெடுத்துக் கொடுப்பார். கூத்தை நடத்துகிறவர் யார் என்பது ஊருக்கே தெரியும். ஆர்மோனியமும் திரைச்சீலையும் வந்த இசை நாடகத்தில் அந்த வாத்தியார் திரைக்குப் பின்னால் போய்விட்டார். சுவாமிகள் அந்தக் காலத்து ஆள்.

1867 செப்டம்பர் 7 அன்று, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்தார். தூத்துக்குடியில் ஓர் உப்புப் பண்டகசாலையில் கணக்கெழுதினார். 24 வயதில் வேலையை விட்டுவிட்டு நாடகத்துக்கு வந்தார். அதே 1891இல்தான் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அங்கே கூடியவர்கள் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும். சுவாமிகள் நின்றதோ நாடகத்தையே வயிற்றுப்பிழைப்பாகக் கொண்டவர்களோடு.

முதலில் அவரும் வேஷம் கட்டினார். எமன், இரணியன், இராவணன், சனீஸ்வரன் என்று எல்லாம் பயங்கரமான வேஷங்கள். அவர் எமனாக வந்ததைப் பார்த்துப் பயந்துபோன ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்துவிட்டது என்றும், அந்த வருத்தத்தில்தான் அவர் வேஷம் கட்டுவதை விட்டார் என்றும் நாடகக்காரர்கள் சொல்வார்கள். கதை எப்படியோ, அவர் மேடையிலிருந்து இறங்கியது உண்மை. சிறிது காலம் துறவியாக ஊர் ஊராகத் திரிந்தார். ‘சுவாமிகள்’ என்ற பெயர் அப்போது வந்ததுதான். புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை அவரைத் தம் வீட்டுப் பிள்ளையாகவே வைத்துக்கொண்டார். தாள நுட்பமெல்லாம் அவருக்கு அங்கே படிந்தது.

திரும்பி வந்தவர் எழுதினார், சொல்லிக்கொடுத்தார். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன், நல்லதங்காள் எல்லாம் அவர் கொடுத்தவை. அதற்கு முன் நடிகர்கள் வாய்க்கு வந்ததைப் பேசி இரவை ஓட்டுவதுண்டு. இன்ன இடத்தில் இன்ன பாட்டு, இன்ன வசனம், இன்ன தர்க்கம் என்று அவர் வரையறுத்துக் கொடுத்தார். 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையைத் தொடங்கினார். எஸ்.ஜி. கிட்டப்பா பயின்றது அங்கேதான்.

பெரியவர்களைக் கட்டுக்குள் வைப்பது பெரும்பாடாக இருந்தது. எனவே சிறுவர்களைச் சேர்த்து, 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அதில் வளர்ந்தவர்கள். டி.கே. சண்முகத்துக்காக ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை ஒரே இரவில் பாட்டும் வசனமுமாக எழுதி முடித்தாராம். பின்னாளில் சண்முகமே இதைப் பதிவு செய்திருக்கிறார்.

பாய்ஸ் கம்பெனி வாழ்க்கையை நாம் பெருமையாக மட்டும் பேசிவிடக் கூடாது. வறுமையால் வீட்டைப் பிரிந்து வந்த பிள்ளைகள் அவர்கள். இரவெல்லாம் நாடகம், பகலில் பாடம், தப்பினால் அடி. பள்ளிக்கூடம் கிடையாது. மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் பாட்டு போகும், பாட்டோடு வேஷமும் போகும். இன்று நம் பிள்ளைகளை அப்படி ஓரிடத்துக்கு அனுப்ப நாம் சம்மதிப்போமா? ஆனால் பேச்சு, பாட்டு, நடை, அழுகை என்று ஒவ்வொன்றையும் எண்ணி எண்ணிப் பழக்கிய இடமும் அதுதான். விழுப்புரத்தில் 1928இல் பிறந்த கணேசன் சிறு வயதில் அப்படியொரு கம்பெனியில் சேர்ந்து, சீதை வேஷம் கட்டித்தான் தொழில் கற்றார். அவர் சிவாஜி ஆனது பிறகு. அவர் பிறப்பதற்கு முன்பே சுவாமிகள் காலமாகிவிட்டார். ஆனாலும் அந்தப் பயிற்சி முறையின் வேரில் சுவாமிகள் இருக்கிறார்.

கடைசி நாட்களில் வாதம் வந்து கையும் காலும் விழுந்தன, பேச்சும் நின்றது. ஆயிரக்கணக்கான பாட்டுகளை எழுதிய மனிதரால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் காலமானார். கருவடிக்குப்பத்தில் அடக்கம் செய்தார்கள்.

இன்றும் மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் ‘ஸ்பெஷல் நாடகம்’ நடக்கிறது. வள்ளி ஓர் ஊரிலிருந்து வருவார், முருகன் வேறோர் ஊரிலிருந்து, நாரதர் இன்னோர் ஊரிலிருந்து. அன்று இரவு மேடையில்தான் சந்திப்பார்கள். ஒத்திகை இல்லை, இயக்குநர் இல்லை. ஆனாலும் விடியும்வரை நாடகம் தடங்கலின்றி ஓடும். எந்தப் பாட்டுக்குப் பின் எது வரும், யார் கேட்டால் யார் பதில் சொல்ல வேண்டும் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். நூறு ஆண்டு ஆன பின்னும் வாத்தியார் சொல்லிவைத்தபடியே நடக்கிறது.

புதுச்சேரி போகும் நாளில் கடற்கரைக்கு முன் கருவடிக்குப்பத்தில் பத்து நிமிடம் நின்று வாருங்கள். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். நவம்பர் 13 நினைவு நாள். அடுத்த ஆண்டு விழாவில் நம் பிள்ளைகளின் பெயரை வாசிக்கும்போது, சொல்லிக்கொடுத்தவரையும் மேடைக்கு அழைத்துப் பெயர் சொல்வோம்.