ஒரு கையில் பிடிக்கும் பலகை: சிம்ப்யூட்டர், ஆகாஷ், பிறகு நாம்

"சின்னதா, கனமில்லாம ஒரு டேப்லட் வேணும். எதை வாங்கறது?" சாஃப்ட்வேரில் வேலை பார்ப்பவனிடம் சொந்தக்காரர்களும் நண்பர்களும் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. மாடல் பெயரைச் சொல்வதில் எனக்கு ஆர்வமில்லை, ஆறு மாதத்தில் அது பழசாகிவிடும். ஆனால் "சின்னது", "கனமில்லாதது" என்ற இரண்டு சொற்களுக்குப் பின்னால் ஒரு நல்ல கதை இருக்கிறது. அதில் பாதி நம் பக்கத்து ஊரான பெங்களூரில் நடந்தது என்பது பலருக்குத் தெரியாது.

உலகக் கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1972இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ஆலன் கே 'டைனாபுக்' என்று ஒரு கருவியைக் காகிதத்தில் வரைந்தார். நோட்டுப் புத்தக அளவு, இரண்டு கிலோவுக்குள் எடை, குழந்தைகளுக்காக. அன்றைய தொழில்நுட்பத்தில் செய்ய முடியாத பொருள். 1993இல் ஆப்பிளின் நியூட்டன் வந்தது, 1996இல் பாம் பைலட் வந்தது. இரண்டும் வெள்ளைக்கார அலுவலர்களின் டைரிக்கு மாற்று. அவர்கள் யாரும் யோசிக்காத ஒன்றை இங்கே யோசித்தார்கள்.

1998இல் பெங்களூரில் நடந்த ஒரு கருத்தரங்கில் அந்த யோசனை முளைத்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் பயன்படுத்தக்கூடிய, இந்திய மொழிகளில் பேசக்கூடிய, மலிவான கையடக்கக் கணினி. இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகிய நால்வரும், என்கோர் சாஃப்ட்வேர் நிறுவனத்தின் வினய் தேஷ்பாண்டேயும் அவர் குழுவினரும் சேர்ந்து 1999இல் ஓர் அறக்கட்டளை ஆரம்பித்தார்கள். கருவியின் பெயர் சிம்ப்யூட்டர். 2001 ஏப்ரலில் முன்மாதிரி வெளியானது. இன்டெல் ஸ்ட்ராங்ஆர்ம் சில்லு, லினக்ஸ், 320க்கு 240 புள்ளித் திரை, தொட்டு எழுத ஒரு குச்சி. அதே ஆண்டின் கடைசியில் நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதிய புரூஸ் ஸ்டெர்லிங், அந்த வருடத்தின் மிக முக்கியமான கணினிக் கண்டுபிடிப்பாக எந்த அமெரிக்கக் கம்பெனியின் பொருளையும் சொல்லவில்லை, சிம்ப்யூட்டரைத்தான் சொன்னார்.

எனக்கு அதில் மிகவும் பிடித்தது ஸ்மார்ட் கார்டு ஏற்பாடு. கருவி ஊருக்குப் பொது. பஞ்சாயத்திலோ பள்ளிக்கூடத்திலோ ஒன்று இருக்கும். ஒவ்வொருவரிடமும் ஒரு கார்டு. செருகினால் அது உங்கள் கணினி, எடுத்துவிட்டால் அடுத்தவருடையது. டேப்லட் என்பது தனி ஆளின் சொத்து என்று நாம் இன்றைக்குக் கேள்வியே கேட்காமல் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். அப்படி இருக்கத் தேவையில்லை என்று ஒரு குழு இருபது வருடங்களுக்கு முன்பே வடிவமைத்துக் காட்டியிருக்கிறது. வடிவமைப்பையும் பொது உரிமத்தில் வெளியிட்டார்கள்.

2004 மார்ச்சில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரிப்பில் 'அமிதா' சிம்ப்யூட்டர் விற்பனைக்கு வந்தது. அதற்குள் ஓர் அசைவுமானி இருந்தது. கையில் பிடித்துச் சாய்த்தால் பக்கம் புரளும். ஐபோன் வருவதற்கு மூன்று வருடம் முன்பு! ஆனால் கருப்பு வெள்ளை மாடலே ஏறத்தாழ 10,000 ரூபாய், வண்ணத் திரை என்றால் அதைப்போல் இரண்டு மடங்கு. கிராமத்துக்கு என்று செய்த பொருளுக்கு நகரத்து விலை. அதற்குள் செல்போன் விலை மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்தது. ஆரம்ப வடிவமைப்பில் நெட் வேண்டுமென்றால் தொலைபேசிக் கம்பியைச் செருக வேண்டும். செல்போனுக்குக் கம்பியே வேண்டாம். கர்நாடகத்தில் நில ஆவண வேலைக்கும் இன்னும் சில அரசுத் திட்டங்களுக்கும் போனதோடு சரி, விற்பனை சில ஆயிரங்களில் நின்றுவிட்டது. மோசமான கருவி என்று நான் சொல்லமாட்டேன். வாங்க வேண்டிய ஆள் வேறு, காசு வைத்திருந்த ஆள் வேறு, அவ்வளவுதான்.

அடுத்த அத்தியாயம் 2010. ஏப்ரலில் ஐபேட் வந்தது, 680 கிராம். செப்டம்பரில் சாம்சங் ஏழு அங்குல கேலக்ஸி டேபை அறிவித்தது, 380 கிராம். அக்டோபரில் ஸ்டீவ் ஜாப்ஸ், ஏழு அங்குலம் எல்லாம் பிறக்கும்போதே செத்த பொருள் என்ற பொருள்படச் சொன்னார். விரல் நுனியைச் சீவிக்கொண்டு வந்தால்தான் அதில் பட்டனை அழுத்த முடியுமாம். இரண்டே வருடத்தில், அவர் மறைந்தபின், ஆப்பிளே 7.9 அங்குலத்தில் ஐபேட் மினி வெளியிட்டது. 308 கிராம்.

ஜாப்ஸ் 29சி பஸ்ஸில் போனதில்லை. அடையாறிலிருந்து லஸ் வரை நின்றுகொண்டே வருபவருக்கு ஒரு கை மேல் கம்பிக்குப் போய்விடும். மிச்சம் ஒரு கைதான். 680 கிராமை அந்த ஒரு கையில் பத்து நிமிடம் பிடித்துப் படித்துப் பாருங்கள், மணிக்கட்டு சொல்லும். 300 கிராம் என்றால் ஒரு நடுத்தர நாவலின் எடை. என் கணக்கில் 'கனமில்லாதது' என்றால் 350க்குள். அதற்கு மேல் போனால் அது வீட்டில் சோஃபாவில் வைத்துப் பார்க்கிற பொருள்.

இப்போது ஆகாஷ். 2010 ஜூலையில் அன்றைய மத்திய அமைச்சர் கபில் சிபல் 35 டாலர் டேப்லட்டின் மாதிரியைக் காட்டினார். 2011 அக்டோபர் 5 அன்று ஆகாஷ் வந்தது. டேட்டாவிண்ட் நிறுவனம், ஐஐடி ராஜஸ்தான் மேற்பார்வை, ஏழு அங்குலத் திரை, 366 மெகாஹெர்ட்ஸ் செயலி, 256 எம்பி நினைவகம், எடை 350 கிராம். அரசு கொள்முதல் விலை சுமார் 50 டாலர். எடையும் அளவும் கச்சிதம். சிக்கல் திரையில்.

அது ரெசிஸ்டிவ் திரை. இரண்டு மெல்லிய கடத்தும் படலங்கள், நடுவில் துளி இடைவெளி. அழுத்தும்போது மேல் படலம் கீழ்ப் படலத்தைத் தொடும், எந்த இடத்தில் தொட்டது என்பதை மின்னழுத்தத்தை வைத்துக் கணக்கிடும். நகம், குச்சி, பேனா மூடி எதனாலும் எழுதலாம். சித்திரை மாத வியர்வை விரலிலும் குழப்பம் இல்லாமல் வேலை செய்யும். ஆனால் அழுத்த வேண்டும். இன்று எல்லாவற்றிலும் இருக்கும் கெபாசிடிவ் திரை விரலின் மின் தன்மையை உணர்வது, தடவினால் போதும். அதில் பழகியவர்களுக்கு ஆகாஷ் மரக்கட்டை மாதிரி இருந்தது. (ஓலையில் எழுத்தாணி பிடித்தவர்கள் ரெசிஸ்டிவ் கட்சியாகத்தான் இருந்திருப்பார்கள். ஓலை கிழிந்துவிடுமோ என்று புள்ளியையே விட்டுவிட்டு எழுதியவர்களுக்கு அழுத்தத்தின் அருமை தெரியும்.)

இன்னொரு சிக்கலைப் பத்திரிகைகள் அதிகம் பேசவில்லை. ஆகாஷில் இருந்தது ஆண்ட்ராய்ட் 2.2. அந்தப் பதிப்போடு கூகுள் தமிழ் எழுத்துரு தரவில்லை, தயாரிப்பாளர் தானாகச் சேர்த்தால்தான் உண்டு. இல்லையென்றால் கட்டம் கட்டமாகத் தெரியும். எழுத்துருவை மட்டும் போட்டாலும் போதாது. யூனிகோடில் 'கெ' என்பது முதலில் ககரம், பிறகு கொம்பு என்றுதான் சேமிக்கப்படும். திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்ய ஒரு மென்பொருள் அடுக்கு வேண்டும். அது இல்லாத காலத்தில் தமிழ்ப் பதிவர்கள் எல்லாரும் ஓபரா மினியில் ஓர் அமைப்பை மாற்றி, எழுத்தைப் படமாக வரவழைத்துப் படித்தது ஞாபகம் இருக்கும். ஆண்ட்ராய்ட் 4 தலைமுறையில்தான் தமிழ் ஒழுங்காக வந்தது. ஐபேடில் தமிழ் விசைப்பலகை 2013இல், ஐஓஎஸ் 7உடன். ஆக, நாட்டு மாணவர்களுக்கெல்லாம் என்று 2011இல் பேசப்பட்ட பலகையில், தமிழ் தெரியுமா என்பதே தயாரிப்பாளர் கையில் இருந்தது. சிம்ப்யூட்டர்காரர்கள் மொழியிலிருந்து தொடங்கினார்கள், ஆகாஷ்காரர்கள் விலையிலிருந்து தொடங்கினார்கள்.

ஆகாஷ் அறிவிப்புக்கு மூன்று வாரம் முன்பு, 2011 செப்டம்பர் 15 அன்று, தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. டேப்லட் படிக்கிற கருவி, மடிக்கணினி எழுதுகிற கருவி. மாணவனுக்கு இரண்டாவதுதான் முதலில் வேண்டும் என்பது என் கட்சி. 2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ என்று அறிவித்தபோதும் அதையேதான் சொன்னேன்.

அப்படியானால் டேப்லட் யாருக்கு? என்னை மாதிரி ஸ்கேன் செய்த பழைய புத்தகங்களைப் படிப்பவர்களுக்கு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம் போன்ற இடங்களில் கிடைப்பவை பெரும்பாலும் பக்கப் படங்கள். செல்போனில் போல எழுத்தைப் பெரிதாக்கி வரியை மடித்துக்கொள்ள முடியாது. பக்கம் முழுசாகத் திரையில் உட்கார வேண்டும். இங்கேதான் அங்குலக் கணக்கு ஏமாற்றும். 16:10 விகிதத்தில் ஏழு அங்குலத் திரையின் அகலம் 9.4 செ.மீ., உயரம் 15.1 செ.மீ. 4:3 விகிதத்தில் 7.9 அங்குலம் என்றால் அகலம் 12 செ.மீ., உயரம் 16. பெட்டியில் போட்டிருப்பது ஒரு அங்குலத்துக்கும் குறைவான வித்தியாசம், படிக்கும் பரப்பில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அதிகம். என் அலமாரியிலுள்ள டெமி அளவுப் புத்தகங்களில் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். அச்சான பகுதி பத்து செ.மீ. சுற்றித்தான் அகலம். ஓரத்தை வெட்டிவிட்டால் 12 செ.மீ. திரையில் நிஜ அளவிலேயே வரிகள் உட்காரும். 9.4இல் சுருங்கும், நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு அந்தச் சுருக்கம் தெரியும்.

எனவே தி.நகரிலோ ரிச்சி தெருவிலோ கடைக்குப் போகிறவர்கள், கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதற்கு முன் எடையையும் விகிதத்தையும் கேளுங்கள். ஒரு தமிழ் பிடிஎஃப்பைப் பென் டிரைவில் எடுத்துப் போங்கள். திறந்து, ஒரு கையில் ஐந்து நிமிடம் நின்றபடி படியுங்கள். விற்பனையாளர் கொஞ்சம் முறைப்பார், பரவாயில்லை.