வெளிநாட்டில் ஒரு வீடு: கொடைக்கானல் சொல்லும் பாடம்



இப்போதெல்லாம் எங்கே திரும்பினாலும் வெளிநாட்டு வீட்டு விளம்பரம்தான். துபாயில் 20 லட்சம் திர்ஹாமுக்கு வீடு வாங்கினால் கோல்டன் விசா, கிரீஸில் கடலோர வீடு வாங்கினால் குடியிருக்க அனுமதி என்று ஆசை காட்டுகிறார்கள். பணக்காரர்களின் புதுப் பழக்கம் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் கன்னிவாடியில் நின்று மேற்கே பார்த்தால் தெரிகிறதே பழனி மலை, அங்கே இந்தக் கதை 1845-லேயே நடந்து முடிந்திருக்கிறது. ஒரே வித்தியாசம், அப்போது வெளிநாட்டுக்காரர்கள் நம் ஊருக்கு வந்து வீடு கட்டினார்கள்.

அந்த வீடுகள் என்ன ஆயின என்று பார்த்தால், இன்று வெளிநாட்டில் வீடு வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம் புரியும்.

உயிர் பிழைக்கக் கட்டிய பங்களா

1834-ல் யாழ்ப்பாணத்தில் இருந்த அமெரிக்க மிஷனரிகள் மதுரைக்கு வந்து ஒரு மிஷனைத் தொடங்கினார்கள். மதுரை வெயிலும், காலராவும், காய்ச்சலும் அவர்களை வாட்டி எடுத்தன. பலர் இறந்தார்கள், குழந்தைகளையும் பறிகொடுத்தார்கள். மலைக்குப் போனால் பிழைக்கலாம் என்று முதலில் திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலையில் இடம் பார்த்தார்கள். ஆனால் சிறுமலையின் உயரம் போதவில்லை, காய்ச்சல் அங்கேயும் விடவில்லை.

மலேரியாவைப் பரப்புவது கொசு என்று ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்தது 1897-ல்தான். அதற்கு முன்பு எல்லோரும் 'கெட்ட காற்று' என்றே நம்பினார்கள். காரணம் தெரியாவிட்டாலும், உயரத்துக்குப் போனால் காய்ச்சல் குறைகிறது என்ற அனுபவம் மட்டும் இருந்தது. அதனால் சுமார் 7,000 அடி உயரத்தில் இருந்த கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார்கள். 1845-ல் இரண்டு பங்களாக்கள் எழுந்தன. பெயர்கள் சன்னிசைடு, ஷெல்டன். இந்தியாவின் மலைவாசத் தலங்களில் பெரும்பாலானவை ஆங்கிலேயர் உருவாக்கியவை. அமெரிக்கர்கள் தொடங்கி வைத்த ஊர் என்றால் கொடைக்கானல்தான்.

இந்த மலை ஆளில்லாத மலை இல்லை. வில்பட்டி, பூம்பாறை, மன்னவனூர் போன்ற ஊர்களில் மக்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வந்தார்கள். குன்னுவர்கள் படிக்கட்டு வயல்களில் பயிர் செய்தார்கள், பளியர்கள் காட்டை நம்பி வாழ்ந்தார்கள். 1821-லேயே வார்டு என்ற ராணுவ அதிகாரி இந்த மலையை அளந்துவிட்டார்.

அளப்பதற்கு வழி எப்படிக் கிடைத்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திண்டுக்கல் சீமை திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனி கைக்குப் போனது. பாளையக்காரர்களைத் திரட்டிக் கம்பெனியை எதிர்த்த விருப்பாட்சி கோபால் நாயக்கர் 1801-ல் தூக்கிலிடப்பட்டார். அதற்குப் பிறகு, மலையில் யார் வீடு கட்டலாம் என்று முடிவு செய்யும் அதிகாரம் கம்பெனிக்கு வந்துவிட்டது. சன்னிசைடு கட்டுவதற்கு 44 வருடம் முன்பே அதற்கான அனுமதி தயாராகிவிட்டது என்று சொல்லலாம்!

மதிப்பு ஏறிய கதை

அமெரிக்கர்களைத் தொடர்ந்து ஆங்கிலேய அதிகாரிகளும் மேலே வந்தார்கள். அப்போது மோட்டார் ரோடு கிடையாது. பெரியகுளம் பக்கத்திலிருந்து மலைப்பாதையில் குதிரையில் போக வேண்டும், இல்லாவிட்டால் டோலியில் உட்கார்ந்து போக வேண்டும். டோலியைச் சுமந்தது நம் ஆட்கள். பெட்டி, படுக்கை, கண்ணாடி, பீங்கான் என்று சாமான்களும் இப்படித்தான் மேலே போயின.

மதுரை கலெக்டராக இருந்த வேர் லெவிஞ்ச் ஓய்வுக்குப் பிறகு கொடைக்கானலிலேயே தங்கிவிட்டார். 1863-ல் ஓடைக்குக் குறுக்கே கரை போட்டு ஏரியை உண்டாக்கியவர் அவர்தான். இன்று நாம் படகு விடுவது இயற்கை ஏரியில் இல்லை! 1870-களில் ரயில் பாதை வந்தது, அம்மையநாயக்கனூரில் இறங்கி மலைக்குப் போகலாம் என்றானது. 1899-ல் கொடைக்கானல் நகராட்சி ஆனது. 1901-ல் மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். அதுதான் பிற்காலத்தில் கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல்.

ஏரி, ரயில், பள்ளிக்கூடம், பிறகு மோட்டார் ரோடு. ஒவ்வொன்று வரும்போதும் மலை வீட்டின் மதிப்பு கூடிக்கொண்டே போனது. உயிர் பிழைக்கக் கட்டிய பங்களா, கொஞ்ச காலத்தில் சீசன் பங்களாவாகிவிட்டது. இன்றைய ரியல் எஸ்டேட்காரர்கள் சொல்லும் அதே கணக்குதான்.

கொடி மாறியபோது

1947-ல் நாடு விடுதலை அடைந்தது. ஆங்கிலேயர்கள் கிளம்பினார்கள், வீடுகள் கை மாறின. பள்ளிக்கூடம் போல ஓர் அமைப்பாக இருந்தவை புதிய நாட்டின் சட்டத்துக்கு ஏற்பத் தங்களை மாற்றிக்கொண்டு நிலைத்தன.

பெரிய பூட்டு 1973-ல் வந்தது. ஃபெரா எனப்படும் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 31-வது பிரிவு, இந்தியக் குடியுரிமை இல்லாதவர் இங்கே வீடு, நிலம் வாங்கவோ, வைத்திருக்கவோ, விற்கவோ, தானம் கொடுக்கவோ ரிசர்வ் வங்கியின் அனுமதி வேண்டும் என்றது. இதன் வலிமை தெரிய ஒரு வழக்கு போதும். பெங்களூரில் சொந்தமாக இடம் வைத்திருந்த ஒரு வெளிநாட்டுப் பெண்மணி, 1977-ல் அதை அனுமதி வாங்காமல் தானமாக எழுதிக் கொடுத்தார். அந்தத் தானம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் தீர்ப்புச் சொன்னது. 44 வருடம் கழித்து!

ஃபெரா போய் 2000-ல் ஃபெமா வந்தது. ஆனாலும் வெளிநாட்டில் வசிக்கும், இந்திய வம்சாவளி இல்லாத ஒருவர் இன்றும் இங்கே நினைத்தவுடன் வீடு வாங்கிவிட முடியாது. வெளிநாடு வாழ் இந்தியர்களும் ஓசிஐ அட்டைக்காரர்களும் குடியிருக்க வீடு வாங்கலாம், ஆனால் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது. கன்னிவாடி வழியாக மேலே ஏறினால் ஆடலூர், பன்றிமலைப் பக்கம் காப்பித் தோட்டங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர் அங்கே காப்பித் தோட்டத்தோடு ஒரு வீட்டை விலைக்குக் கேட்டால் சட்டம் இடம் தராது. அப்பா, தாத்தா சொத்தாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். 1845-ல் அமெரிக்கர் வீடு கட்டிய அதே மலைத்தொடரில்தான் இந்த நிலைமை.

நம்மவர்கள் பர்மாவில்

இதை 'நம் நாடு அப்படித்தான்' என்று நினைக்க வேண்டாம். நம்மவர்கள் வெளியே போனபோதும் இதேதான் நடந்தது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பர்மாவில் நெல் விவசாயிகளுக்குக் கடன் கொடுத்து வந்தார்கள். 1930-களில் உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல் விலை சரிந்தது. கடனைக் கட்ட முடியாதவர்களின் நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6 சதவீத நிலம் அவர்களிடம் இருந்தது. 1938-ல் அது சுமார் 25 சதவீதம்!

காகிதத்தில் பெரிய சொத்து. ஆனால் தன் நிலத்தை இழந்த பர்மியருக்கு அது எப்படிப்பட்ட கோபத்தைக் கொடுத்திருக்கும்? 1942-ல் ஜப்பான் படை வந்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டு ஓடி வந்தார்கள். 1948-ல் பர்மா விடுதலை அடைந்த கையோடு நில தேசியமயச் சட்டம் வந்தது. பத்திரம் கையில் இருந்தது, நிலம் இல்லை. செட்டிநாட்டு வீடுகளில் பர்மா தேக்குத் தூண்கள் மட்டும் இன்றும் நிற்கின்றன. அங்கே சம்பாதித்து இங்கே கட்டியது மிஞ்சியது.

இன்று?

இன்று நிலத்தைப் பிடுங்கும் காலம் இல்லை என்று சொல்லலாம். ஆனால் அனுமதி மாறும் காலம் போகவில்லை. வீடு வாங்கினால் விசா என்ற திட்டத்தைப் போர்ச்சுகல் 2023-ல் நிறுத்தியது. வீட்டு வாடகை ஏறி உள்ளூர் மக்கள் தவிக்கிறார்கள் என்பது அங்கே பெரிய பிரச்சினையாக இருந்தது. ஸ்பெயின் 2025-ல் நிறுத்தியது. கிரீஸ் 2013-ல் இரண்டரை லட்சம் யூரோ கேட்டது, 2024-ல் ஏதென்ஸ் போன்ற இடங்களுக்கு அதை 8 லட்சம் ஆக்கிவிட்டது.

நம் பக்கத்துக் கதவும் அப்படித்தான். இந்தியர் ஒருவர் ஆண்டுக்கு 25,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்று 2004-ல் ரிசர்வ் வங்கி அனுமதித்தது. அது படிப்படியாக 2 லட்சம் டாலர் வரை உயர்ந்தது. 2013-ல் ரூபாய் மதிப்பு சரிந்ததும் ஒரேயடியாக 75,000-ஆகக் குறைத்தார்கள். 2015 முதல் இரண்டரை லட்சம். தவணை முறையில் வெளிநாட்டில் வீடு வாங்கிய ஒருவருக்கு 2013 எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!

ஆக, வெளிநாட்டில் வீடு வாங்குபவர் செங்கல்லையும் கடல் காட்சியையும் பார்த்து விலை பேசுகிறார். ஆனால் அவர் உண்மையில் வாங்குவது அந்த நாட்டின் அனுமதியை. அதை அந்த ஊர் மக்கள், அவர்கள் தேர்ந்தெடுக்கும் அரசாங்கம், அவர்களின் பொறுமை எல்லாம் சேர்ந்துதான் தருகின்றன. கொடைக்கானலில் அந்த அனுமதியைக் கொடுத்தது வில்பட்டிக்காரர்கள் இல்லை, கம்பெனி. கம்பெனியும் அதற்குப் பின் வந்த ஆங்கில அரசும் போனதும் கணக்கு மாறிவிட்டது. பர்மாவிலும் அதே கதைதான்.

அதனால் யாராவது துபாய் வீட்டு பிரோஷரைக் காட்டினால், 'சதுர அடி என்ன விலை?' என்று கேட்பதற்கு முன்னால், 'நாளைக்குச் சட்டம் மாறினால் இந்த வீட்டை விற்று எடுத்துக்கொண்டு வர முடியுமா? நாம் வாங்குவதால் அந்த ஊர்க்காரன் வீடில்லாமல் போகிறானா?' என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் சரியில்லை என்றால், முதல் கேள்விக்கும் சீக்கிரமே பதில் மாறிவிடும்.