சர்க்கரை நோய்: சத்தமில்லாமல் பழுதாகும் சிறு ரத்தக் குழாய்கள்

"சர்க்கரை இருக்கிறது, ஆனால் ஒரு தொந்தரவும் இல்லை" என்று பத்துப் பதினைந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் நம் குடும்பங்களில் நிறைய பேர். பிரச்சினையே அதில்தான் இருக்கிறது. நீண்டகாலச் சர்க்கரை நோய் உடம்பின் மிகச் சிறிய ரத்தக் குழாய்களைக் கெடுக்கும்போது ஆரம்பத்தில் வலியோ வேறு அறிகுறியோ பெரும்பாலும் தெரிவதில்லை.

இந்த நுண்குழாய்கள் தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லியவை. சிவப்பணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் இவற்றுக்குள் நகர முடியும். ரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் கூடுதலாக இருந்தால் இவற்றின் சுவர் தடிக்கும், கசியும், சில இடங்களில் அடைத்தும் போகும். முக்கியமாகப் பாதிக்கப்படுபவை கண், சிறுநீரகம், நரம்பு. (மாரடைப்பும் பக்கவாதமும் பெரிய குழாய்களின் விஷயம்.)

விழித்திரையில் குழாய்கள் அடைபட்டால், அந்த இடத்தில் பலவீனமான புதிய குழாய்கள் முளைக்கும். அவை உடைந்து ரத்தம் கசிந்த பிறகுதான் பலர் டாக்டரிடம் ஓடுகிறார்கள். கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது இதற்குப் பரிசோதனை ஆகாது. சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரித்து விழித்திரையைப் பார்க்க வேண்டும். டைப் 2 சர்க்கரை என்று தெரிந்த உடனேயும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் இதைச் செய்ய வேண்டும். லேசரும் கண்ணுக்குள் போடும் ஊசியும் முக்கியமாக இருக்கிற பார்வையைக் காப்பாற்றத்தான்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள் உள்ளன. அவை கெடத் தொடங்கினால் அல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசியும். கிரியேட்டினின் நார்மல் என்றதும் நிம்மதியாகிவிடுகிறோம். சிறுநீரகத்தின் திறன் பாதியளவு குறைந்த பிறகும் அது நார்மலாகக் காட்டலாம். அதனால் சிறுநீரில் அல்புமின்–கிரியேட்டினின் விகிதத்தையும் ஆண்டுதோறும் பாருங்கள். அது 30-க்குக் கீழே இருக்க வேண்டும். 30 முதல் 300 வரை இருக்கும்போதே கண்டுபிடித்தால் மருந்தாலும் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டாலும் டயாலிசிஸைப் பல ஆண்டுகள் தள்ளிப்போடலாம், பலருக்குத் தேவைப்படாமலே போகும். மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போடும் வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குக் கெடுதல்.

நரம்புப் பாதிப்பு காலில்தான் தொடங்கும். எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, பிறகு மரத்துப்போதல். எரிச்சல் நின்றுவிட்டால் குணமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், உணர்ச்சியே போயிருக்கலாம். செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடப்பவர்கள் உண்டு. வெள்ளிக்கிழமை மதியம் கொதிக்கும் பள்ளிவாசல் முற்றத்தில் வெறுங்காலோடு நடந்தால் கொப்புளம் வந்தது வீட்டுக்கு வந்த பிறகே தெரியும். அந்தப் புண் ஆறாமல் போனால் விரலையோ காலையோ எடுக்கும் நிலை வரலாம். ஒளு செய்யும் நமக்கு இதில் ஒரு வசதி: கால் கழுவும்போதே உள்ளங்கால், குதிகால், விரலிடுக்கு எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். பிறகு விரலிடுக்கை ஈரமில்லாமல் துடையுங்கள், இல்லாவிட்டால் சேற்றுப்புண் வரும்.

பிரிட்டனில் டைப் 2 நோயாளிகளிடம் நடந்த நீண்ட ஆய்வின் முடிவு 1998-இல் வெளியானது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 7.9-க்குப் பதில் 7.0 ஆக இருந்தவர்களுக்குச் சிறு குழாய்ப் பாதிப்புகள் 25 சதவீதம் குறைந்தன. ஒரு புள்ளிகூட இல்லாத வித்தியாசம் அது. ஆனால் வீட்டிலுள்ள முதியவர்களுக்கும் அதே 7-ஐப் பிடிக்க வேண்டும் என்று நீங்களாக மாத்திரையைக் கூட்டாதீர்கள். தாழ்சர்க்கரை வந்து மயங்கி விழும் ஆபத்து அவர்களுக்கு அதிகம் என்பதால் டாக்டர்கள் 8 வரைகூட விட்டுக்கொடுப்பார்கள்.