இடது கைக்கு மட்டும் ஒரு உறை

பழைய ஹாக்கி புகைப்படங்களைப் பார்த்திருப்பீர்கள். கோல்கீப்பரைத் தவிர யார் கையிலும் உறை இருக்காது. இன்றோ பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட இடது கையில் ஒன்றை மாட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். "அந்தக் காலத்து ஆட்கள் கெட்டி" என்று நம் பெரியவர்கள் சொல்லக்கூடும். உண்மையில் மாறிப்போனது தரை.

நான் பணி நிமித்தம் குடியிருப்பது ஜலந்தரில். பக்கத்தில் சன்சார்பூர் என்றொரு கிராமம், 14 ஒலிம்பிக் வீரர்களைத் தந்த ஊர். அந்த ஊர்க்காரரான அஜித்பால் சிங் தலைமையில் 1975-ல் கோலாலம்பூரில் உலகக் கோப்பையை வென்றோம். அது புல்தரை. அடுத்த வருடம் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைத் தரை விரித்தார்கள். அதே அஜித்பால்தான் கேப்டன். 1928 முதல் ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் பதக்கம் வாங்கிய அணி 7-வது இடத்துக்குப் போனது!

புல்லில் பந்து துள்ளும், திசை மாறும். செயற்கைத் தரையில் வழுக்கிக்கொண்டு வேகமாக வரும். அதைத் தடுக்க மட்டையையே தரையோடு படுக்கப் போடலாம். ஹாக்கியில் இடக்கை மட்டை என்று ஒன்று கிடையாது. எல்லோருக்கும் இடது கைதான் பிடியின் உச்சியில். மட்டை படுத்தால் அந்தக் கையின் விரல் முட்டிகள் தரையில் உரசும். மணல் தூவிய தரை என்றால் தோல் உரிந்துவிடும். இடது கை உறை வந்த கதை இதுதான்.

பெனால்டி கார்னரில் நிலைமை வேறு. 'டிராக் ஃபிளிக்' பந்தை எதிர்த்து ஓடுபவர்கள் முகமூடியோடு இரண்டு கைக்கும் தடித்த உறை போடுகிறார்கள். பொதுவாக ஆடும்போது மட்டும், கையின் இயல்பான அளவை உறை வெகுவாகப் பெரிதாக்கக் கூடாது என்பது விதி.

என் மகளுக்கு வாங்கப் போனபோது அலையத் தேவையிருக்கவில்லை. 1947 பிரிவினையில் சியால்கோட்டிலிருந்து வந்த கைவினைஞர்கள் வளர்த்த விளையாட்டுச் சாமான் தொழில் இந்த ஊருடையது. "வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெரிசா எடுங்க" என்றாள் மனைவி. நம்ம ஊர் வழக்கம் :-) ஆனால் உறை தொளதொளவென்றிருந்தால் பிடி நழுவும். உள்ளங்கை திறந்த மாதிரி, சரியான அளவில் எடுத்தோம். கடையிலேயே மட்டையைப் பிடித்துத் தரையில் படுக்க வைத்து, மெத்தை முட்டிக்கு மேல் வருகிறதா என்று பார்த்தோம். மணிக்கட்டுப் பட்டை மட்டும் தளர்வு. தையல்காரர் ஒரு விரற்கடை உள்ளே தள்ளித் தைத்துக் கொடுத்தார். மெத்தையில் கத்தரி வைக்கவில்லை, வைக்கவும் கூடாது.

கட்கியில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்த தன்ராஜ் பிள்ளை உடைந்த மட்டையோடு மண்ணில் ஆடி வளர்ந்தவர். இன்றும் பல பிள்ளைகள் மண்ணில் பழகித்தான் செயற்கைத் தரைக்கு வருகிறார்கள். முதல் நாளே முட்டி உரிந்தால் அடுத்த நாள் கை கீழே இறங்காது. பந்து மட்டைக்கு அடியில் போய்விடும். பார்ப்பவர்கள் "திறமை இல்லை" என்று சொல்லிவிடுவார்கள். அது வெறும் பயம்தான். உங்கள் பிள்ளைக்கு மட்டை வாங்கும் அன்றைக்கே உறையையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.