இடியப்பம் (மட்டக்களப்பு வாவிப் பகுதி)

அரிசி மாவை உரலில் இட்டு நூலாகப் பிழிந்து, ஆவியில் அவித்தெடுக்கும் உணவு. மட்டக்களப்பு வாவியின் மேற்கே படுவான்கரை வயல்கள் அரிசியையும், கிழக்கே எழுவான்கரைத் தோப்புகள் தேங்காயையும் தருகின்றன. உறைப்புக்குச் சொதியும் சம்பலும், இனிப்புக்குச் சீனி கரைத்த தேங்காய்ப்பாலும் சேர்த்து உண்பர்.

தொன்மை: பத்துப்பாட்டுள் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, திருவெஃகாவின் மணற்கரை நீரில் உதிர்ந்து கிடக்கும் குருக்கத்திப் பூக்களுக்கு ஓர் உணவை உவமை சொல்கிறது. அப்பம் விற்கும் கூவியர் பாகு சேர்த்துச் செய்த, இழை சூழ்ந்த வட்டம் பாலில் கிடப்பதே அது. வட்டம், இழை, பால், இனிப்பு ஆகிய நான்கும் பொருந்துவதால் இதை இடியப்பத்தின் மூதாதை எனக் கொள்வதே முறை. வேறு அப்பவகை என்போர் இழைக்கு விளக்கம் தருவதில்லை. 1025ஆம் ஆண்டளவில் சாவுண்டராயர் கன்னடத்தில் இயற்றிய லோகோபகாரம் சேவை எனும் மாவிழை உணவைப் பிழியும் அச்சைக் குறிக்கிறது. சிசிலித் தீவின் திராபியாவில் மாவிழை உணவு செய்து கப்பலேற்றப்பட்டதை புவியியலாளர் அல் இத்ரீசி எழுதியது 1154இல்தான். இத்தாலியரின் பாஸ்தா வரலாற்றை அங்கிருந்து தொடங்குவோர் கன்னட நூலையும் பார்ப்பது நல்லது. சொதியின் பச்சை மிளகாய் அவ்வளவு பழையதன்று. மிளகாய் போர்த்துக்கேயர் வழி வந்தது. அவர்கள் மட்டக்களப்பில் கோட்டை கட்டியது 1628இல். மிளகாய் வருமுன் உறைப்புக்கு மிளகே.

வகைகள்: மாவை வைத்துச் சிவப்பு, வெள்ளை எனப் பிரிப்பர். சிவப்பரிசி மாவினது மணமும் சுவையும் மிக்கது. கோதுமை மாவில் பிழிவது பங்கீட்டு மாவோடு பரவிய பழக்கம். மென்மையாக இருக்கும், அவ்வளவே. இடியப்பத்தின் பெயர் கேரளத்தில் நூல்புட்டு, சிங்களவரிடம் இந்தியாப்ப, மலேசியாவில் புட்டு மாயம். இந்தோனேசியர் இதே இழையைத் தேங்காய்ப்பாலும் வெல்லப்பாகும் ஊற்றி இனிப்பாகவே உண்பர்.

செய்முறை: வறுத்த அரிசி மாவில் உப்பிட்டுக் கொதிநீர் ஊற்றிக் குழைக்க வேண்டும். கோதுமையிலுள்ள பசைப்புரதம் அரிசியில் இல்லை. கொதிநீரில் மாப்பொருள் வெந்து இளகினால்தான் இழை அறாது. கோதுமை மாவுக்கு நேர்மாறு: முதலில் மாவை அவித்து அரித்து அந்தப் பசையை அடக்குவர். குழைத்ததைச் சூடு ஆறுமுன் தட்டுகளில் பிழிந்து அவிப்பர்.

சொதிக்குத் தேங்காயின் இரண்டாம் பாலில் வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை, ரம்பை இட்டுக் கொதிக்க விடுவர். வாவி மீனோ இறாலோ கிடைத்தால் அதுவும் இதில் வேகும். முதற்பால் கடைசியில்; சேர்த்தபின் துழாவிக்கொண்டே இருந்து, ஒரு கொதி எழுமுன் இறக்காவிட்டால் பால் திரைந்து எண்ணெய் பிரியும். தேசிக்காய்ப் புளி அடுப்பிலிருந்து இறக்கியபின். எடுத்து வைத்த முதற்பாலில் சீனியோ சர்க்கரையோ கரைத்து, கடைசி இரண்டு இடியப்பத்துக்கு ஊற்றிக்கொள்வர். சொதி ஒட்டிய தட்டிலேயே இதை ஊற்றுவதுதான் சரியான முறை.

இன்றைய நிலை: மர உரலின் இடத்தை உலோக உரலும், பின்னல் தட்டின் இடத்தைப் பிளாஸ்டிக் தட்டும் பிடித்துள்ளன. கடைகளில் இடியப்பக் கொத்தும் விற்கிறது.