அபிவிருத்தி நிலமும் வனவிலங்கும்: அறுகம்பேப் பின்புலத்தில் ஒரு வரலாற்று நோக்கு

அறுகம்பேயிலிருந்து பொத்துவில் ஊடாக மொனராகலை நோக்கிச் செல்லும் வீதியில் லகுகலைக் குளம் அமைந்துள்ளது. வரட்சிக் காலத்தில் இக்குளத்தின் 'பெரு' எனப்படும் புல்லை நாடி யானைகள் கூட்டமாக வந்து சேர்கின்றன. 1966இல் சரணாலயமாகவும் 1980இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்ட இந்நிலத்தின் பரப்பு 1,554 ஹெக்டேயர் மட்டுமே. இவ்வளவு நிலம் யானைக்கு ஒரு பருவத்து மேய்ச்சலாகலாம், முழு வாழிடமாகாது. வடமேற்கே பட்டிப்பளை ஆற்றுப் பள்ளத்தாக்குக்கும் தெற்கே கூமுனைக்கும் இடைப்பட்ட ஒரு தங்குமிடமே லகுகலை. ஆயினும் சட்டம் நிலத்தைத் துண்டுகளாகவே கண்டது. இந்நோக்கு எவ்வாறு உருவாயிற்று என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலங்கையில் வனவிலங்குப் பாதுகாப்பு வேட்டைக்காரரின் அக்கறையாகவே தொடங்கிற்று. 1894இல் தோன்றிய வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தில் வெள்ளைத் தோட்டத்துரைமாரே செல்வாக்குப் பெற்றிருந்தனர். சுடுவதற்கு விலங்கு எஞ்சியிருக்க வேண்டும் என்ற எண்ணம் அன்றைய பாதுகாப்பின் ஓர் ஊற்றுக்கண் எனலாம். 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இதனை அரசின் பொறுப்பாக்கியது. 1938இல் கூமுனை பறவைகள் சரணாலயமாயிற்று.

சுதந்திரத்தின் பின்னர் நிலைமை மாறியது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. பட்டிப்பளை ஆறு இங்கினியாகலையில் மறிக்கப்பட்டுச் சேனநாயக்க சமுத்திரம் உருவாயிற்று. அணைக்குக் கீழே காடுகள் வெட்டப்பட்டு நெல் வயல்களும் குடியேற்றங்களும் கரும்புத் தோட்டங்களும் எழுந்தன. 1954இல் அணைக்கு மேலே ஏறத்தாழ 25,900 ஹெக்டேயர் நிலம் தேசிய பூங்காவாக ஒதுக்கப்பட்டது. நீரேந்து பகுதியைக் காப்பது அதன் முதன்மை நோக்கங்களுள் ஒன்று. காட்டை வெட்டிய சபையே காட்டைக் காக்கும் பொறுப்பையும் 1965 வரை வகித்தது என்பது சிந்திக்கத்தக்கது. இப்பகுதி யானைகள் பற்றிய விரிவான அறிவியல் ஆய்வு 1960களின் பிற்பகுதியிலேயே நிகழ்ந்தது. அமெரிக்க ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் சார்பில் ஜோர்ஜ் மக்கே மேற்கொண்ட அவ்வாய்வு 1973இல் நூலாயிற்று. அணை முந்தியது, ஆய்வு பிந்தியது.

மகாவலித் திட்டத்தில் இவ்வொழுங்கு ஓரளவு திருத்தப்பட்டது. 1977இல் துரிதப்படுத்தப்பட்ட அத்திட்டத்துக்கென 1980இல் சூழல் மதிப்பீட்டு அறிக்கை ஒன்று தயாரிக்கப்பட்டது. வெட்டப்படும் காட்டின் விலங்குகளுக்கு மாற்றிடம் வேண்டும் என்ற கருத்து வலுப்பெற, மாதுறு ஓயா (1983), வஸ்கமுவை (1984) முதலிய பூங்காக்கள் உருவாயின. இது முன்னேற்றமே. ஆயினும் மாதுறு ஓயா பூங்காவானபோது, அக்காட்டில் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடியும் தேன் எடுத்தும் வாழ்ந்த வேடர் ஹெனானிகலைக்குப் பெயர்க்கப்பட்டனர். அவர்தம் தலைவர் திசாஹாமி பெயர மறுத்தார். விலங்கின் தேவையைக் கணக்கிட்டவர்கள், அதே காட்டில் மனிதருக்கிருந்த உரிமையைக் கணக்கிடவில்லை. பின்னர், 1988ஆம் ஆண்டின் சூழல் சட்டத் திருத்தம் பெருந்திட்டங்களுக்குச் சூழல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது.

இக்கேள்வி அறுகம்பேயின் வாயிலை எட்டியது 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையின் பின்னராகும். கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் மீண்டும் வீடு கட்டலாகாது என்று அரசு விதித்தது. 2005இல் அறுகம்பேயை உல்லாசப் பயண மையமாக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. கடலோர மீனவர் அதனை எதிர்த்தனர். பாதுகாப்பின் பெயரால் தம்மை விலக்கிய கரை விடுதிகளுக்குத் திறந்துவிடப்படுமோ என்பதே அவர்தம் அச்சம். நிலம் ஒதுக்குவோர், அங்கு வாழ்வோரைக் கேளாது கோடு கிழிக்கும் பழைய வழக்கத்தையே இங்கும் காண்கின்றோம்.

இவ்வழக்கத்தால் விவசாயியும் துன்புறுகின்றான், யானையும் அழிகின்றது. 2011இல் நாடெங்கும் நீர்நிலைகளில் நிகழ்ந்த கணக்கெடுப்பு 5,879 யானைகளைப் பதிவு செய்தது. எண் தெரிந்தது, ஆனால் எந்த மாதத்தில் எந்த வழியால் யானை வயலுக்குள் இறங்குகின்றது என்பதை எண் கூறாது. அதை அறிந்தவன் காவற்பரணில் இரவெல்லாம் விழித்திருக்கும் விவசாயி. பல மின்வேலிகள் பூங்காவின் நிருவாக எல்லையில் இடப்பட்டதால், வேலியின் இருபுறமும் யானைகளே நின்றன. இதனை உணர்ந்தே, 2020இல் சமர்ப்பிக்கப்பட்ட தேசிய செயற்றிட்டம் வேலியைக் கிராமத்தையும் வயலையும் சுற்றி அமைக்கவும், வயல்வேலியை அறுவடையின் பின் அகற்றவும் பரிந்துரைத்தது. அவ்வேலிகளைப் பராமரிப்பதில் ஊராருக்கும் அது பங்களித்தது. அறுவடை முடிந்த வயலின் தாளை யானை மேயலாம். விளைந்த நெல் விவசாயிக்கு.

இவ்வரலாறு உணர்த்துவது ஒன்றே. ஆய்வு திட்டத்துக்கு முந்த வேண்டும். பூங்காவின் எல்லையை மட்டுமன்றி விலங்கின் ஆண்டுப் பயணத்தையும் அது அளக்க வேண்டும். அந்நிலத்தில் உழைப்பவரின் அறிவும் உரிமையும் அதில் இடம்பெற வேண்டும். இவை இல்லாத கணக்கெடுப்பு, முன்பே எடுக்கப்பட்ட முடிவுக்கு இடப்படும் ஒப்பமாகவே அமையும். லகுகலையின் யானையும் பொத்துவிலின் விவசாயியும் ஒரே நிலத்தைப் பகிர்கின்றனர். அந்நிலத்தின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் மேசையில் இவ்விருவர் சார்பிலும் பேசுவதற்கு இடம் வேண்டும்.