புத்தர், கன்பூசியஸ், லாவோ ட்சு: சீனர் வீட்டுச் சாமி மேடையில் மூன்று போதனைகள்

பக்கத்து வீட்டுச் சீனர் என்ன மதம் என்று கேட்டால், "புத்த மதம்" என்று சட்டெனச் சொல்லிவிடுகிறோம். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் மலேசியர்களில் 18.7 விழுக்காட்டினர் பௌத்தர்கள் என்கிறது. அவர்களில் பெரும்பாலோர் சீனர்கள்.

ஆனால், அந்த வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் கதை வேறு. வாசலில் வானத்து தெய்வத்துக்கு ஊதுவத்தி எரியும். கூடத்துச் சாமி மேடையில் குவான் யின் அம்மன் இருப்பார். அருகில் மூதாதையரின் பெயர்ப் பலகை. அடுப்படியில் அடுப்புச் சாமி. இவை எல்லாம் புத்தர் சொல்லிக்கொடுத்தவை அல்ல.

பௌத்தம், கன்பூசியம், தாவோயிசம் ஆகிய மூன்றையும் சீனர்கள் 'சான் ஜியாவ்', அதாவது மூன்று போதனைகள் என்பார்கள். ஒருவர் மூன்றையும் ஒரே நேரத்தில் பின்பற்றலாம். ஒன்றுக்கு வர மற்றொன்றை விட வேண்டியதில்லை. துன்பத்திலிருந்து விடுபடுவது எப்படி என்ற கேள்விக்குப் புத்தர் பதில் சொன்னார். மனிதரோடு மனிதர் எப்படி வாழ்வது என்பதற்குக் கன்பூசியஸ் பதில் சொன்னார். இயற்கையின் போக்கோடு எப்படி ஒத்துப்போவது என்பதற்குத் தாவோ பெரியவர்கள் பதில் சொன்னார்கள். கேள்விகள் வேறு வேறு என்பதால்தான் பதில்கள் ஒரே மேடையில் இருக்க முடிகிறது.

பௌத்தம்: துன்பத்துக்கு மருந்து

மூன்றில் பௌத்தம் மட்டுமே வெளியிலிருந்து சீனாவுக்குப் போனது. இன்றைய நேப்பாளத்தில் உள்ள லும்பினியில், சாக்கியர் குலத்தில் பிறந்தவர் சித்தார்த்தர். காலம் ஏறக்குறைய 2,500 ஆண்டுகளுக்கு முன். 29 வயதில் வீட்டைத் துறந்தார். 35 வயதில் புத்தகயாவில் ஞானம் பெற்றார். சாரநாத்தில் முதல் போதனை செய்தார். 80 வயதில் குசிநகரத்தில் மறைந்தார் என்பது பௌத்த மரபு.

அவருடைய போதனையின் உயிர்நாடி நான்கு உண்மைகள். வாழ்வில் துன்பம் உண்டு. அதற்குக் காரணம் ஆசை. காரணம் நீங்கினால் துன்பம் நீங்கும். அதற்கு வழி, நற்காட்சி, நல்லெண்ணம், நற்சொல், நற்செயல் என்று தொடங்கும் எட்டு நெறிகள். இல்லறத்தாருக்கு ஐந்து ஒழுக்கங்கள்: கொல்லாமை, திருடாமை, தகாத உறவு கொள்ளாமை, பொய் பேசாமை, மது அருந்தாமை. கர்மமும் மறுபிறவியும் நமக்குத் தெரிந்தவைதான். ஆனால், என்றும் அழியாத ஆன்மா என்ற ஒன்று இல்லை என்று புத்தர் சொன்ன இடத்தில் பௌத்தம் இந்து சமயத்திலிருந்து பிரிகிறது.

கி.பி. முதலாம் நூற்றாண்டில் வணிகர்களோடும் துறவிகளோடும் பௌத்தம் சீனாவை அடைந்தது. அங்கே வேரூன்றியது மகாயானம். தன் விடுதலையைத் தள்ளிவைத்துப் பிறருக்கு உதவும் போதிசத்துவரைப் போற்றுவது இந்தப் பிரிவு. இந்தியாவில் ஆண் வடிவில் இருந்த அவலோகிதேசுவரர், சீனாவில் காலப்போக்கில் பெண் வடிவம் பெற்றார். அவர்தான் கருணையின் தாயான குவான் யின். பிரிக்பீல்ட்சில் 1894இல் சிங்களச் சமூகத்தார் தொடங்கிய மகா விகாரை, தேரவாதம் என்ற மற்றொரு பிரிவைச் சேர்ந்தது.

கடைகளில் நாம் பார்க்கும் தொந்தி பெருத்த 'சிரிக்கும் புத்தர்' சித்தார்த்தர் அல்லர். அவர் புடாய் என்ற சீனத் துறவி. வரப்போகும் புத்தரான மைத்ரேயரின் வடிவம் என்று சீனர்கள் அவரைக் கருதுகிறார்கள்.

இந்தச் சமயத்தோடு நமக்கும் உறவு உண்டு. மணிமேகலை பௌத்தக் காப்பியம். நாகப்பட்டினத்தில் கடாரத்து அரசர் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு, சைவரான முதலாம் இராசராச சோழன் ஓர் ஊரையே கொடையாக அளித்ததை ஆனைமங்கலச் செப்பேடுகள் சொல்கின்றன. கடாரம் என்று சோழர்கள் அழைத்தது நம் கெடாவை. சீனாவில் தியான பௌத்தத்தைப் பரப்பிய போதிதர்மரைத் தென்னிந்திய அரசகுமாரர் என்று சீன மரபு கூறுகிறது. காஞ்சிபுரத்தவர் என்பது நம்மிடையே வழங்கும் செய்தி.

கன்பூசியம்: குடும்பமே கோயில்

கன்பூசியஸ் கி.மு. 551இல், இன்றைய ஷான்டோங் மாநிலத்தில் உள்ள சூஃபூவில் பிறந்தார். சீனப் பெயர் கோங் ஃபூ ட்சு. அதை ஐரோப்பியப் பாதிரியார்கள் இலத்தீனில் கன்பூசியஸ் ஆக்கினார்கள். அரசுகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்த காலம் அது. நல்லாட்சிக்கு வழி சொல்ல நாடு நாடாக அலைந்தார், கேட்க ஆளில்லை. ஊருக்குத் திரும்பி மாணவர்களுக்குப் பாடம் சொன்னார். கி.மு. 479இல் மறைந்தார். அவர் சொன்னவற்றைச் சீடர்கள் தொகுத்த நூல்தான் 'லுன் யூ'.

அவர் கடவுளைப் பற்றியோ மரணத்துக்குப் பிந்திய வாழ்வைப் பற்றியோ அதிகம் பேசவில்லை. மூன்று சொற்களை வலியுறுத்தினார். 'ரென்' என்பது மனிதநேயம். நமக்கு எது வேண்டாமோ அதைப் பிறருக்குச் செய்யாதிருப்பது அதன் அளவுகோல். 'லீ' என்பது முறைமை: வணங்குவதிலிருந்து உண்பது வரை ஒழுங்கு. 'சியாவ்' என்பது பெற்றோர்க்குச் செய்யும் கடமை. அரசன் குடி, தந்தை மகன், கணவன் மனைவி, அண்ணன் தம்பி, நண்பர்கள் என ஐந்து உறவுகளும் சரியாக இருந்தால் நாடு சரியாக இருக்கும் என்பது கன்பூசியம். பெண்ணைக் கீழே வைத்தது, அதிகாரத்துக்குப் பணியச் சொன்னது என்ற குறைகளைச் சீனர்களே பின்னாளில் எடுத்துப் பேசியிருக்கிறார்கள்.

ஹான் அரச மரபின் காலத்தில் இதுவே அரசின் கொள்கை ஆனது. அரசு அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் தேர்வுகள் பல நூற்றாண்டுகள் கன்பூசிய நூல்களை வைத்தே நடந்து, 1905இல்தான் நிறுத்தப்பட்டன. பிள்ளையின் படிப்புக்காகச் சீனப் பெற்றோர் எதையும் விட்டுக்கொடுப்பதற்கு இந்த நீண்ட பழக்கமும் ஒரு காரணம். ஏப்ரல் தொடக்கத்தில் 'செங் பெங்' அன்று சீனர்கள் குடும்பத்தோடு போய்க் கல்லறைகளைத் துப்புரவு செய்து படையல் போடுவதும் இந்த 'சியாவ்' கடமைதான்.

தாவோயிசம்: நீரைப் போல வாழ்

'தாவோ' என்றால் வழி. உலகம் இயங்கும் அந்த வழிக்குப் பெயர் சொல்லவோ விளக்கவோ முடியாது என்பது தாவோ பெரியவர்களின் கருத்து. ஏறக்குறைய 5,000 சீன எழுத்துகளும் 81 சிறு பகுதிகளும் கொண்ட 'தாவோ தே ஜிங்' இதன் மூலநூல். அதை எழுதியவர் லாவோ ட்சு என்பது மரபு. அவருடைய வரலாற்றில் கதையும் கலந்திருக்கிறது. அவருக்குப் பின் வந்த பெரிய சிந்தனையாளர் சுவாங் ட்சு.

'ஊ வெய்' என்பது இதன் மையக் கருத்து. சோம்பியிருப்பது என்று இதற்குப் பொருளில்லை. இயல்புக்கு எதிராக மல்லுக்கட்டாமல் செயல்படுவது. நீர் தாழ்ந்த இடத்துக்கே ஓடுகிறது, ஆனால் பாறையையும் கரைக்கிறது என்பது அவர்கள் விரும்பிச் சொல்லும் உவமை. இருளும் ஒளியும், குளிர்ச்சியும் சூடும் ஒன்றையொன்று நிறைவு செய்வதே 'யின் யாங்'. சீன மருந்துக் கடைக்காரர் "உடம்பு சூடு" என்று சொல்வதும் இந்த எண்ணத்தில்தான்.

கி.பி. 142இல் சிச்சுவான் பகுதியில் சாங் தாவோலிங் என்பவர் இதைப் பூசாரிகளும் சடங்குகளும் கொண்ட சமயமாக்கினார். வானுலக அரசராக ஜேட் பேரரசர், நகரக் காவல் தெய்வங்கள், அடுப்புச் சாமி எனத் தெய்வ வரிசை வளர்ந்தது. சீனப் பெருநாளின் ஒன்பதாம் நாள் ஹொக்கியன் மக்கள் கரும்பு வைத்துக் கும்பிடுவது இந்த ஜேட் பேரரசரைத்தான்.

சண்டையிட்டுச் சேர்ந்தவை

மூன்றும் எப்போதும் நட்பாக இருந்ததில்லை. பெற்றோரை விட்டுத் துறவியாகிறவன் நல்ல பிள்ளையா என்று கன்பூசியர்கள் பௌத்தர்களைக் கேட்டார்கள். 845ஆம் ஆண்டு தாங் பேரரசர் ஊசோங் ஆயிரக்கணக்கான பௌத்தக் கோயில்களை இடித்து, துறவிகளைக் குடும்ப வாழ்க்கைக்குத் திருப்பி அனுப்பினார்.

பௌத்தர்கள் அந்தக் கேள்விக்கு ஒரு கதையால் பதில் சொன்னார்கள். புத்தரின் சீடர் மொக்கல்லானர், பசியால் துடிக்கும் ஆவியாகிவிட்ட தம் தாயை மீட்கப் புத்தரிடம் வழி கேட்கிறார். துறவிகளுக்கு உணவு படைத்து அந்தப் புண்ணியத்தைத் தாய்க்குக் கொடுக்கச் சொல்கிறார் புத்தர். துறவியும் நல்ல பிள்ளையாக இருக்க முடியும் என்று ஆகிவிட்டது. சீன நாள்காட்டியின் ஏழாம் மாதப் பௌர்ணமியில் வரும் இந்த நாளிலேயே தாவோ சமயத்தாரும் ஆவிகளுக்குப் படைக்கிறார்கள். நாம் 'பேய் மாதம்' என்று சொல்லும் அந்த ஒரு மாதத்தில் பௌத்தக் கதை, கன்பூசியக் கடமை, தாவோ சடங்கு மூன்றும் இருக்கின்றன. ஆடி அமாவாசையில் முன்னோருக்குப் படைக்கிற நமக்கு இது புரியாத விஷயமா?

நம் ஊரில்

மலாக்காவில் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த செங் ஹூன் தெங் கோயிலில் மூன்று போதனைகளுக்கும் இடம் உண்டு; நடு மேடையில் குவான் யின். சற்றுத் தள்ளிப் பொய்யாத விநாயகர் கோயில். சிங்கப்பூர் வாட்டர்லூ சாலையில் குவான் யின் கோயிலும் கிருஷ்ணன் கோயிலும் அருகருகே இருக்கின்றன. சீனர்கள் ஒன்றில் வணங்கிவிட்டு மற்றொன்றிலும் ஊதுவத்தி ஏற்றுவது அன்றாடக் காட்சி.

ஒன்பதாம் சீன மாதத்தின் முதல் ஒன்பது நாள் நடக்கும் ஒன்பது பேரரசர் திருவிழா, பல ஆண்டுகளில் நம் நவராத்திரியோடு ஒரே நாள்களில் வருகிறது. அவர்களும் சைவ உணவு உண்டு விரதம் இருக்கிறார்கள். சில கோயில்களில் தீ மிதிக்கிறார்கள். மரத்தடியில் சிவப்பு மாடத்தில் இருக்கும் டத்தோ கோங் இந்த மூன்று போதனைகளிலும் சேராதவர். அவர் மண்ணின் காவலராகச் சீனர்கள் ஏற்றுக்கொண்ட மலாய்ப் பெரியவர். அதனால் அவருக்குப் பன்றி இறைச்சி படைப்பதில்லை.

சீனர் துக்க வீட்டுக்குப் போகும்போது சிவப்பு உடுத்தாதீர்கள். பணம் கொடுத்தால் வெள்ளை உறையில் கொடுங்கள். ஊதுவத்தி பிடிக்க விருப்பமில்லை என்றால் தலை வணங்கினால் போதும். வழியில் படையல் வைத்திருந்தால் மிதிக்காமல் சுற்றிப் போங்கள்.

தோட்டத்து முனீஸ்வரரை வேற்றினத்தார் "பேய் வழிபாடு" என்று சொன்னால் நமக்கு வலிக்கிறது. தாள் பணம் எரிக்கும் சீனரைப் பார்த்து நம் பிள்ளைகள் சிரித்தால், அவர்களுக்கும் அதே வலிதான். அவர் தம் தாய் தந்தைக்குச் செய்யும் கடமை அது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது நம் பொறுப்பு.